ஒரே லயத்தில் நான்கு பக்கம்

இன்றைக்குப் புஞ்சாக் ஆலாம் என்றால் வரிசை வரிசையாய் வீடமைப்புப் பகுதிகள், மாரா பல்கலைக்கழக வளாகம், எந்நேரமும் வாகன இரைச்சல். நான் பிறந்த காலத்தில் அப்படியொரு பெயரே இல்லை. ஜெராமுக்கும் ஈஜோக்குக்கும் இடையில் கித்தாத் தோட்டங்கள், அவற்றை ஒட்டிக் காடு. எங்கள் தோட்டத்துக் கடைசி லயத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். சுவர் பலகைதான். ஒரு வீட்டில் முணுமுணுத்தால் மறு வீட்டில் கேட்கும். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் சிலவற்றை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அப்பா நேதாஜி படையில் இருந்தவர். அதற்கு முன்பே, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் காந்தி குல்லா போட்டுக்கொண்டு நின்றவர். கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்களாம்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் படைக்குத் தலைமை ஏற்றதும் தோட்டத்து இளவட்டங்களோடு அப்பாவும் பெயர் கொடுத்தார். பார்த்தறியாத தில்லிக்காக மலாயாவில் நடைப் பயிற்சி எடுத்தார். பர்மாவுக்குப் போக முறை வருவதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு அந்தக் கதை பிடிக்காது. அவளுடைய தம்பியை ஜப்பான்காரன் ரயில்பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே மடிந்தார்கள். மாமா திரும்பவில்லை. அப்பா படைக் கதையை எடுத்தால் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொல்வாள்: “நீங்க யாரோட கைகோத்துக்கிட்டு நின்னீங்களோ, அவன்தான் என் தம்பியக் கொன்னான்.” அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அதற்கு அவரிடம் பதில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு விவரம் தெரிந்தது அவசரகாலத்தில். 1948 ஜூனில் அறிவித்தது, 1960 ஜூலையில்தான் முடிந்தது. வெள்ளைக்காரனை விரட்டச் சண்டை போடுகிறோம் என்று காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் சொன்னார்கள். அவர்களைப் பயங்கரவாதிகள் என்றது அரசாங்கம். தோட்டத்து ஜனம் இரண்டு பேருக்கும் பயந்து நடுவில் இருந்தது. காடோரத்தில் தனித்தனியாக இருந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். இருட்டினால் வெளியே தலைகாட்டக் கூடாது. விடியற்காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாயிலில் நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று சட்டம். அம்மா வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய், மத்தியானம் திரும்பி வந்துதான் சோற்றில் கை வைப்பாள். சில நாள் நாங்கள் போவதற்குள் வரிசையாய் மரப்பட்டைகளைச் சிதைத்துவைத்திருப்பார்கள் காட்டிலிருந்து வந்தவர்கள். நட்டம் துரைக்கு, விசாரணை எங்களுக்கு.

பெரியப்பா தொழிற்சங்கக்காரர். சங்கச் சம்மேளனத்தை 1948லேயே தடை செய்தார்கள். அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதியும் நேதாஜி படையிலிருந்து வந்தவர்தான். துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுடப்பட்டு இறந்தார். பெரியப்பா காட்டுக்குப் போகவில்லை, துப்பாக்கியும் தொட்டதில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டு போய் அடைத்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து வந்த கடிதங்களை அப்பா படித்ததும் அடுப்பில் போட்டுவிடுவார்.

சித்தப்பாவோ துரையின் காரோட்டி. இரும்புத் தகடு அடித்த கார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பிளவு. முதல் தோட்டா யாருக்கு என்பது சித்தி உட்பட எல்லோருக்கும் தெரியும். “வெள்ளக்காரனுக்கு வால் புடிக்கிறான்” என்று லயத்தில் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசியவர்களே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கார் கேட்டு அவரிடம்தான் வருவார்கள். பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, துரையின் பங்களாவுக்குப் போய்க் கைகட்டி நின்று மன்றாடியவரும் அவர்தான். பலிக்கவில்லை. அப்பா அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு மாதச் சம்பளத்தன்று இருவரும் சேர்ந்தே ஜெராமுக்குச் சாமான் வாங்கப் போனார்கள்.

எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, இதெல்லாம் விளையாட்டு. விமானம் தாழப் பறந்து துண்டுக் காகிதம் கொட்டும். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் ‘சரணடையுங்கள்’ என்று அச்சிட்டிருக்கும். பொறுக்கிவந்து புத்தகத்துக்கு அட்டை போடுவோம். 1953இல் மகாராணி முடிசூட்டுக்குப் பள்ளியில் மிட்டாயும் படமும் கொடுத்தார்கள். படத்தை நான் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அப்பா கழற்றவில்லை. முருகனுக்குப் பின்னால் நேதாஜி ஒளிந்திருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

1957 ஆகஸ்டு 31 அன்று மெர்டேக்கா. தோட்டத்துப் பள்ளியில் புதுக்கொடி ஏற்றினோம். அன்றும் முள்கம்பி அப்படியேதான் இருந்தது. குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பாரங்களை நிரப்பிக் கொடுக்க ஆளும் இல்லை. அப்பா போடவில்லை. அவர் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கியது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோது, எங்கள் லயத்திலிருந்தே சில குடும்பங்கள் ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களில் அப்பாவோடு பயிற்சி எடுத்தவரும் உண்டு.

எங்கள் பெரியவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று பேரப்பிள்ளைகள் இன்று கேட்கிறார்கள். ஒருவர் இந்தியாவுக்காக நின்றார், ஒருவர் தொழிலாளிக்காக நின்றார், ஒருவர் துரையின் சம்பளத்துக்காக நின்றார், ஒருத்தி செத்துப்போன தம்பிக்காக நின்றாள். நால்வரையும் துரோகி என்று சொல்ல ஒவ்வொரு காலத்திலும் ஒரு கட்சி இருந்தது. நால்வருக்கும் நீதி சொல்ல எந்தக் கட்சியும் இருக்கவில்லை. அவர்கள் காடழித்து, மரம் நட்டு, பால் வெட்டிய மண் மட்டும் இந்த நாட்டினுடையது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் அவர்களுடைய விசுவாசத்தைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.