பெரிய சில்லும் சிறிய எழுத்தும்

இம்மலரின் பழைய இதழ்களைப் புரட்டுவோர் சங்கத் திணைகளையும் நாட்டார் பாடல்களையும் நாவலின் தோற்றத்தையும் பற்றிய கட்டுரைகளையே பெரிதுங் காண்பர். அவற்றின் நடுவே உழவு இயந்திரத்தின் சில்லைப் பற்றி எழுதப் புகும் என்னை வாசகர் பொறுத்தருள வேண்டும். மருதத்தின் கருப்பொருள்களை நானும் பரீட்சைக்காக மனனஞ் செய்தவனே. எருமை அப்பட்டியலில் உண்டு. எங்கள் ஊர் மருதத்திலோ எருமை நின்ற இடத்தில் இன்று உழவு இயந்திரம் நிற்கிறது. சேற்றிற் புதைந்தால் எருமையைப் போல் அது தானாக எழுந்து வருவதில்லை.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில், முரசுமோட்டைக்கு அப்பால், விசுவமடுவுக்கு இப்பால் உள்ளது தர்மபுரம். வீதியோரத்து மேட்டுநிலம் செம்மண் கலந்தது. மாரிமழை விட்ட மறுநாளே அதில் நடக்கலாம். வயலுக்குள் இறங்கினாற் கதை வேறு. மேலே ஒரு சாண் சேறு, அதன் கீழே களி. எங்களுடையது அத்தகைய பள்ளக்காணி. மழைக்கு முன்னர் புழுதியில் விதைத்துவிட்டாற் பிழைத்தோம். மழை முந்திக்கொண்டாற் சேற்றை உழுதே விதைக்க வேண்டும்.

எங்களிடம் முன்னர் இருந்தது ஒரு மசி பேர்குசன் 135. 1964இல் வெளிவந்த அவ்வகை இயந்திரம் ஏறாத வரம்பு நம் நாட்டில் இல்லை எனலாம். அப்பப்பா அதனை மூன்றாங் கையாக வாங்கினார். அதற்கு உத்தரவாதப் பத்திரம் என்ற ஒன்று இருந்ததாக எவருக்கும் நினைவில்லை. வன்னிக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த 1990களில் மண்ணெண்ணெயோடு வேறு எண்ணெய் கலந்து ஊற்றி அதனை ஓட்டியதாக அப்பா கூறுவார். 2009 தை மாதத்தில் அதன் பெட்டியில் ஏறித்தான் ஊரைவிட்டுப் போனோம். எனக்கு அப்போது ஐந்து வயது. புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஓரிடத்தில் அதனை விட்டுவிட்டு நடந்தோம். மீளக் குடியேறிய பின் அப்பா அதனைத் தேடி அலைந்தார். கைவிடப்பட்ட வாகனங்கள் குவிந்து கிடந்த இடங்களிற் பலவற்றைப் பார்த்தார், எங்களுடையதைக் காணவில்லை. அதன்பின் பதின்மூன்று காலபோகங்களுக்குப் பிறருடைய இயந்திரத்தையே வாடகைக்குப் பிடித்தோம். பள்ளக்காணிக்கு எவரும் முதலில் வருவதில்லை. ஊரெல்லாம் உழுது முடிந்த பின்னரே எங்கள் வயலுக்குக் கலப்பை வரும். பிந்தி விதைத்த நெல் பின்மாரியில் நனையும்.

ஆகவே 2023இல் லீசிங் முறையில் புதிய நாற்சில்லு இயந்திரமொன்று வீட்டு முற்றத்திற்கு வந்தபோது அம்மா அதற்குத் தேங்காய் உடைத்தது மிகையன்று. நான்கு சில்லுகளுக்கும் இயக்கம் செல்லும் வகை அது. ஒரு நெம்பை விழுத்தினால் முன்சில்லும் இழுக்கும். எடுத்துவிட்டாற் பின்சில்லு மட்டும் இழுக்கும். அதனுடன் ஒரு சிறிய கையேடும் வந்தது. ஒரு வருடம் அல்லது ஆயிரம் மணித்தியாலம், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். காரோட்டி மைலைக் கணக்கிடுகிறான். உழவன் மணியைக் கணக்கிடுகிறான். கையேடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. அப்பா அதனைப் பொலித்தீன் உறையிலிட்டுச் சாமியறையில் வைத்தார்.

அவ்வாண்டு மழை எங்களை முந்திற்று. முதல் நாள் உழவிலேயே இயந்திரம் பின்னச்சுவரை புதைந்தது. புதைந்த இயந்திரத்தின் அருகில் நிற்பது போன்ற அவமானம் வேறில்லை. வீதியாற் போவோரெல்லாம் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொல்வர். ரயரிற் காற்றைக் குறைத்துப் பார்த்தோம். பின்னர் இரும்புக் கூட்டுச்சில்லை இரவல் வாங்கிப் பூட்டினோம். சேற்றில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் அதனோடு தார் வீதியில் ஏற முடியாது. வயலுக்கு வயல் கழற்றுவதும் பூட்டுவதுமாகப் பொழுது போயிற்று. ஈற்றில் அப்பா பெரிய ரயர் போடுவதென்று முடிவு செய்தார். அக்காவின் சோடிக் காப்பு அடகுக்குப் போயிற்று.

சில்லு பெரிதானால் ஏன் புதையாது என்பதை வன்னி மக்கள் எந்த நூலையும் படித்து அறியவில்லை. பழைய மாட்டு வண்டிலின் மரச்சில்லு ஆளின் நெஞ்சளவு உயரமானது. பின்னாளிற் கார் ரயர் பூட்டிய ரயர் வண்டில் வந்தது; தார் வீதியில் அது பஞ்சாக ஓடும், சேற்றில் மரச்சில்லுக்கு ஈடாகாது. காற்றடைத்த ரயர் நிலத்தை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்திற்குச் சமம். பெரிய ரயர் அதே பாரத்தைக் குறைந்த காற்றோடு தாங்குவதால் நிலத்தை மெல்ல மிதிக்கிறது. தொம்சன் என்பார் 1845இற் காற்று ரயருக்குக் காப்புரிமை பெற்றார். டன்லொப் 1888இல் அதனை மீளக் கண்டறிந்து உலகிற் பரப்பினார். எனினும் உழவு இயந்திரங்கள் 1930களின் தொடக்கம்வரை இரும்புச் சில்லிலேயே ஓடின. இறப்பர் சேற்றுக்கு உதவாது என்று அமெரிக்க உழவர்கள் அன்று நகைத்தார்களாம். எங்கள் அயலவரும் நகைத்தனர், ஆனால் வேறு காரணத்துக்காக: “புது மிசினுக்கு ஆரும் ரயர் மாத்துவினமே?”

எங்கள் இயந்திரத்திற் பின்னால் இருந்தவை 13.6-28 அளவின. முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது அது ஏறும் வளையத்தின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அப்பா போட்டவை 14.9-28. வளையம் அதுவே, ரயர் மட்டும் தடித்தது, உயர்ந்தது. பின்னச்சு நிலத்திலிருந்து மூன்று சென்ரிமீற்றர் அளவு உயர்ந்தது. மூன்று சென்ரிமீற்றர் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பள்ளக்காணியில் அந்தக் காலபோகம் புதையாமல் முடிந்தது. முதன்முதலாக அயலவரோடு ஒரே கிழமையில் விதைத்தோம். அயலவர் இருவரின் வயலையும் அப்பா வாடகைக்கு உழுது கொடுத்தார். ரயர்க் கடைக்காரர் பூட்டும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: “அண்ணை, முன்னுக்கும் மாத்தவேணும்.” காப்பின் பெறுமதி பின்சில்லுக்கே போதுமாயிருந்தது.

இனி நான் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன். 2024 மாசியில் அறுவடைக்கு விடுமுறையில் வந்திருந்தேன். நெல் மூட்டைகளை ஏற்றிய பெட்டியோடு பரந்தன் பக்கம் போகும் வேலை எனக்குத் தரப்பட்டது. வயலிலிருந்து வரம்பேறும்போது நான்கு சில்லு நெம்பை விழுத்தினேன். தார் வீதிக்கு ஏறியதும் அதனை எடுத்துவிட மறந்தேன். முரசுமோட்டையைத் தாண்டுகையில் முன்பக்கத்தில் ஓர் உறுமல் கேட்டது. பாரம் என்று எண்ணினேன். திரும்பி வரும்போதுதான் நெம்பு கண்ணிற் பட்டது. மெல்ல எடுத்துவிட்டேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரையில் இரண்டு பழுதுகள் ஒருசேர வந்தன. கலப்பையைத் தூக்கும் ஐதரோலிக் பம்பி கசிந்து, தூக்கிய கலப்பை தானாக இறங்கலாயிற்று. முன்னச்சினுள் கிறவுண் பல்லும் பினியனும் அரைந்து சத்தமிட்டன. உத்தரவாதத்திற்கு ஐந்து மாதம் மிச்சமிருந்தது. விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார், பின்சில்லைப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார், இரு கிழமையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தயாரிப்பாளரின் அனுமதியின்றி ரயர் அளவு மாற்றப்பட்டமையால் உத்தரவாதம் முழுவதும் இரத்தாகிறது என்பதே அதன் சாரம். லீசிங் தவணையோ இரத்தாகவில்லை.

பல்கலைக்கழகத்திற் படிக்கும் பிள்ளை என்ற முறையில் மறுப்புக் கடிதம் எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. விடுதியில் என் அறைத்தோழன் சட்டம் பயில்பவன். இருவரும் இரண்டு இரவு விழித்திருந்தோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தை அவன் எடுத்து வைத்தான். எந்தத் தேவைக்காகப் பொருளை வாங்குகிறேன் என்று வாங்குபவன் அறிவித்து, விற்பவனின் திறமையை நம்பி வாங்கினால், அத்தேவைக்குப் பொருள் ஏற்றதாயிருக்க வேண்டும் என்பது அதன் 15ஆம் பிரிவு. சேற்று உழவுக்கென்று சொல்லித்தானே அப்பா வாங்கினார்! நான் துள்ளினேன். அவன் அடுத்த வரியையும் வாசித்தான்: வணிகப் பெயர் சொல்லிக் குறித்த பொருளை வாங்கியவனுக்கு அந்தப் பாதுகாப்புச் செல்லாது. அப்பா பெயர் சொல்லித்தான் வாங்கியிருந்தார். நூற்றாண்டு கடந்த ஒரு சட்டம் ஒரே மூச்சிற் கொடுத்துப் பறித்த விதத்தை இன்றும் வியக்கிறேன்.

பின்னர் அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மக்னுசன்-மொஸ் சட்டத்தைத் தேடிப் படித்தோம். தன் பெயர் பொறித்த பாகத்தையே பூட்ட வேண்டும் என்று உத்தரவாதத்தோடு முடிச்சுப் போடுவதை அது பொதுவாகத் தடுக்கிறது. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கான சட்டம் அது. எங்கள் நாட்டிற் செல்லவும் செல்லாது. ஆயினும் அதன் பின்னாலுள்ள நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. மாற்றம் செய்தான் என்பது மட்டும் போதாது. அம்மாற்றத்தால் இந்தப் பழுது வந்ததா என்று கேட்க வேண்டும். பின்சில்லின் உயரத்திற்கும் பம்பியின் கசிவிற்கும் என்ன தொடர்பு? இதனையே கடிதத்தின் முதுகெலும்பாக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். முன்னச்சையும் அதே வாதத்திற் சேர்த்து எழுதினேன். இயந்திரம் எக்காலத்தும் முறைப்படியே ஓட்டப்பட்டது என்ற வாக்கியத்தை எழுதியபோது பேனா சற்றுத் தயங்கியது. இருந்தும் எழுதினேன். அழகான வாக்கியம் அது.

கடிதத்திற்குப் பயன் இருந்தது. நிறுவனம் இன்னொரு தொழில்நுட்பவியலாளரை அனுப்பியது; வயதில் மூத்தவர், நிதானமானவர். பம்பியை வெளியே எடுத்துப் பார்த்து, இது எங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். பின்னர் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் இரண்டு வட்டங்கள் வரைந்தார். நாற்சில்லு இயந்திரத்தில் முன்சில்லு பின்சில்லைவிடச் சற்று விரைவாக நிலத்தைக் கடக்கும்படி, நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்துவரை முந்தும்படி, பற்சக்கரங்கள் கணக்கிடப்பட்டுள்ளன என்றார். முன்சில்லு இழுத்துச் செல்ல வேண்டும், இழுபட்டுச் செல்லக் கூடாது. பின்சில்லை மட்டும் பெருப்பித்தால் அதன் சுற்றளவு நூற்றுக்கு நாலளவு கூடுகிறது. முந்தல் முழுவதும் அழிந்து, முன்சில்லு தடையாக மாறுகிறது. சேற்றில் இது தெரியாது, சில்லு வழுக்கி அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். தார் வீதியில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் பற்களில் ஏறும்.

“தார் றோட்டில நாலு சில்லையும் விழுத்தி ஓடினதோ?” என்று கேட்டார். கேள்வி அப்பாவிடம். அப்பா என்னைப் பார்க்காமலே, “ஓடியிருக்கும்” என்றார்.

அவர் போனபின் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“தெரியும், தம்பி. நீ வந்து நிப்பாட்டின அண்டைக்கே முன் ரயரின்ர பல்லைப் பாத்தனான். ஒரு பக்கமாத் தேய்ஞ்சு கிடந்தது.”

“பிறகு ஏன் என்னைக் கடிதம் எழுத விட்டனீங்கள்?”

“நீ என்ன எழுதினாய் எண்டு எனக்கு வாசிச்சுக் காட்டேல்லையே. அது இங்கிலீசில இருந்தது.”

அவர் குரலிற் கோபம் இல்லை. கையேட்டிலுள்ள சிறிய எழுத்துகளை அவர் வாசிக்க முடியாதபடி வைத்த நிறுவனத்தை நான் இரண்டு இரவு திட்டியிருந்தேன். அவருடைய கையொப்பத்தை வாங்கிய என் கடிதத்தையும் அவர் வாசிக்க முடியாதபடியே வைத்திருந்தேன்.

பம்பியை நிறுவனம் இலவசமாக மாற்றித் தந்தது. முன்னச்சுக்கு நாங்களே செலவழித்தோம். நான் வாடகைக்கு வேலி அடைத்தும் நெல் சுமந்தும் ஒரு விடுமுறையைக் கழித்தேன். பெரிய சில்லைக் கழற்றிப் பழையதைப் போடுமாறு எல்லாரும் கூறினர். அப்பா இணங்கவில்லை. பழைய ரயரோடு உத்தரவாதம் காப்பாற்றப்படும், வயல் காப்பாற்றப்படாது என்பது அவர் கணக்கு. தொழில்நுட்பவியலாளரிடமே முன்சில்லுக்கு இணையான அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த காலபோகத்திற்கு முன் அதனையும் போட்டார். அம்மனிதர் உத்தியோகபூர்வமாக எதையும் சிபாரிசு செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டே அளவைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். அத்துண்டு இப்போது கையேட்டோடு சாமியறையில் இருக்கிறது.

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கையேட்டைத் தமிழில் எழுதித் தரும்படி. பதினொரு பக்கம். எழுதத் தொடங்கியபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று கண்டேன். “முறையற்ற பாவனை” என்று ஓரிடத்தில் எழுதினேன்; எது முறை என்று அப்பா கேட்டார். கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. ஆகவே ஓரத்திற் சிறு குறிப்பொன்று சேர்த்தேன்: தார் வீதிக்கு ஏறியதும் நெம்பை எடுத்துவிடவும். சென்ற புரட்டாதியில், புதிய இயந்திரம் எடுத்த மூன்று வீட்டார் வந்து அதனைப் படியெடுத்துச் சென்றனர். அவர்களுள் ஒருவர் வேறு நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கியிருந்தார். அவருடைய கையேட்டையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்; அது பத்தொன்பது பக்கம்.