அரியணைப் போரில் அகப்பட்ட வழிப்போக்கர்கள்

வெள்ளவத்தையில் பேருந்து ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்குபவர், கொழும்பின் பெரும்பகுதியை ஒரே நாளிற் கண்டவராவார். காலி வீதியிற் கடற்காற்று இடப்புறமிருந்து வீச, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல் எனக் கடந்து கோட்டையை அடைந்து, புறக்கோட்டையின் மூடை சுமப்போர்க்கும் கைவண்டிகளுக்குமிடையே புகுந்து வெளிவந்தால், நிலம் மெல்ல மேடேறத் தொடங்கும். சென்ற விடுமுறையில் நாம் ஏறியது அம்மேட்டில்தான். உடன் வந்தோர் எம்மிடம் வரலாறு கற்கும் மாணவர் 11 பேர்.

இப்பயணத்துக்குக் காரணம் ஒரு கதை. இக்காலத்து மனிதர் சிலர் ஏதோ மாயத்தாற் காலந்தவறி, ஷாஜகானின் மைந்தர் நால்வரும் அரியணைக்காகப் பொருதிய நாட்களிற் போய் விழுவதாக எழுதப்பட்ட கதையொன்றைப் படித்த மாணவர் அதனை வகுப்பிலே சொல்லத் தொடங்கினார். வகுப்பு இரண்டுபட்டது. உபநிடதங்களைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவந்த தாராவின் பக்கமே நிற்போம் என்றனர் பலர். வெல்லப்போகிறவர் ஔரங்கசீப் என்று முன்னரே தெரிந்திருக்கையில் தோற்பவரிடம் போய்ச் சேர்வது மடமை என்றார் ஒருவர். (கணிதத்தில் அவரே வகுப்பின் முதல்வர் என்பதையும் குறித்துவிடுகிறோம்.) அப்போது, வழக்கமாக வாய் திறவாத கடைசி வாங்கு மாணவர் எழுந்தார்.

"சேர், நாங்கள் யாருடைய ஆக்கள் எண்டு நாங்களோ முடிவெடுக்கிறது? எங்களைப் பிடிக்கிறவங்கள்தானே முடிவெடுப்பாங்கள்?"

மணி அடித்தது எமக்கு வாய்ப்பாயிற்று. அவ்வினாவுக்கு விடை சொல்லக் கரும்பலகையைவிடக் கால்நடையே ஏற்றது என்று கருதி, அவர்களை வுல்வெண்டால் மேட்டுக்கு அழைத்துச் சென்றோம்.

வழியிலே புதுக்கடை நீதிமன்றங்கள். இவ்விடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஹல்ஸ்டொர்ப் என்னும் பெயர், ஜெரார்ட் ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்தப் படைத்தலைவரின் பெயரால் வந்தது. 1655ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையை வளைத்தனர். ஏறத்தாழ ஏழு மாதம் நீடித்த அம்முற்றுகையிலே ஹுல்ஃப்ட் 1656 ஏப்ரலிற் சுடப்பட்டு மாண்டார். மே 12ஆம் நாள் போர்த்துக்கேயர் கோட்டையை ஒப்புக்கொடுத்தனர். இவை பாடநூலில் உள்ளவை. நாம் மாணவர்க்கு நின்று சொல்ல விரும்பியது வேறொன்று. கோட்டையுள்ளே உணவு அருகியபோது, போரிட இயலாத எளிய மக்கள் வெளியே அனுப்பப்பட்டனர். வெளியே நின்ற ஒல்லாந்தரோ அவர்களை மீண்டும் உள்ளே துரத்தினர். உள்ளிருப்போர்க்கு அவர்கள் வீண் வாய்கள். வெளியிருப்போர்க்கு எதிரியின் ஆட்கள். சட்டத்தரணிகள் கறுப்பு அங்கியுடன் விரைந்துகொண்டிருந்த அவ்வீதியோரத்தில், கடைசி வாங்கு மாணவர் எம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

வுல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது? இங்கே ஊளையிட்ட நரிகளைக் கண்டு ஒல்லாந்தர் அவ்வாறு அழைத்தனர் போலும். 1749இற் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட தேவாலயம் இன்றும் தடித்த சுவர்களோடு மேட்டின் மீது நிற்கிறது. கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொணர்ந்து பதித்தனர். எழுத்துத் தேய்ந்த அக்கற்களைப் பார்த்துவிட்டு, வெளியே நிழலில் அமர்ந்துகொண்டு, அரியணைப் போரில் உண்மையாகவே போய் விழுந்த இருவரின் கதையைச் சொல்லலானோம்.

முதல்வர் நிக்கோலா மனூச்சி. வெனிஸ் நகரிலே 1638இற் பிறந்து, 14 வயதில் வீட்டாரறியாமற் கப்பலேறிய சிறுவன். இங்கிலாந்து மன்னரின் தூதராகச் சென்ற பெல்லமொன்ட் பிரபுவுக்குப் பணியாளாகிப் பாரசீகம் வழியே 1656இல் இந்தியா வந்தான். தில்லியை அடையுமுன்னரே பிரபு இறந்துபோனார். மொழியறியா நாட்டில் அநாதையாக நின்ற அவ்விளைஞனுக்குத் தாராவின் பீரங்கிப் படையிலே மாதம் 80 ரூபா சம்பளத்தில் வேலை கிடைத்தது. "எங்கடை வயதோ?" என்று வியந்தார் ஒருவர். ஆம், வீட்டை விட்டோடியபோது உங்கள் வயதேதான்.

1657 செப்டெம்பரில் ஷாஜகான் நோயுற்றார். மைந்தர் நால்வரும் படை திரட்டினர். ஆக்கிராவுக்கு அண்மையிலுள்ள சாமுகரில் தாராவும் ஔரங்கசீப்பும் மோதிய நாளை நூல்கள் சில 1658 மே 29 என்றும், சில ஜூன் 8 என்றும் கூறும். இரண்டும் ஒரே நாள்தான். முன்னது அக்கால ஆங்கிலேயர் கைக்கொண்ட பழைய நாட்காட்டி, பின்னது நாம் கைக்கொள்ளும் புதியது. காலந்தவறிப் போவதற்கு மாயம் வேண்டியதில்லை, நாட்காட்டியே போதும் என்று மாணவர் சிரித்தனர். ஆனால் இந்த ஜூன் 8ஐ நாம் வற்புறுத்தக் காரணமுண்டு. அதன்பின் ஏறத்தாழ இரண்டே வாரங்களில், அதே ஜூன் மாதத்தில், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. யமுனைக் கரையில் ஒரு கூட்டம் புகலிடந் தேடி ஓடிய அதே கோடையில் எம் முன்னோரும் ஆள்வோர் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

சாமுகரிலே தாரா யானையினின்று இறங்கிக் குதிரையேறினார். வெறுமையான அம்பாரியைக் கண்ட படையினர், தலைவர் மாண்டார் எனக் கருதிச் சிதறினர். மனூச்சியும் ஓடினார். பகைவர் படை நிறைந்த வழிகளூடே மறைந்து சென்று லாகூரிலே மீண்டும் தாராவைச் சேர்ந்தார். பின்னர் சிந்து நதியிலுள்ள பக்கர்க் கோட்டையில் முற்றுகைக்குள் அகப்பட்டார். எல்லாம் முடிந்தபின் ஔரங்கசீப்பிடம் வேலை பார்க்க மறுத்துவிட்டார். பிழைப்புக்கு? மருத்துவரானார்! எங்கும் முறையாகக் கற்றதில்லை. அவர் கையில் அகப்பட்ட நோயாளிகளின் நிலையை வாசகரே ஊகித்துக்கொள்க. 1686இற் சென்னைப்பட்டினத்தில் மணம் முடித்து, அங்கும் பறங்கிமலையிலும் வாழ்ந்து, பெருநூல் ஒன்றெழுதினார். 1707இல் ஔரங்கசீப் இறந்தபின் அவர் மைந்தரும் அரியணைக்காகப் பொருதியதைக் கேட்டறியும் அளவுக்கு அவருக்கு ஆயுளிருந்தது.

மற்றவர் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர். இவர் முறையாகக் கற்றவர். 1659 மார்ச்சில் அஜ்மீருக்கருகே மீண்டும் தோற்ற தாரா, அகமதாபாத்தை நோக்கி ஓடிவரும் வழியில் இவரைக் கண்டார். தாராவின் மனைவியின் காலில் புண், உடன் மருத்துவரில்லை. வழியே சென்ற பெர்னியர் அக்கணமே அரச குடும்பத்து வைத்தியராயினார். அவரை யார் கேட்டது? நகருக்கு ஒரு நாள் வழி இருக்கையில், கோட்டைக் கதவுகள் தாராவுக்குத் திறவா என்ற செய்தி விடியற்காலையில் வந்தது. அப்போது திரைக்குள்ளிருந்து பெண்கள் எழுப்பிய ஓலத்தைப் பெர்னியர் எழுதிவைத்திருக்கிறார். அந்த மூன்று நாட்களில் அவருடைய வண்டி மாடு செத்துப்போயிற்று. தாரா எவ்வளவோ விரும்பியும் அவருக்கு ஒரு குதிரையோ ஒட்டகமோ கிடைக்கவில்லை. வழியிலே கைவிடப்பட்ட பெர்னியர், கொள்ளையரிடம் அகப்பட்டு, தமது மருத்துவத்தைக் காட்டித் தப்பினார். தாராவுடன் சென்றவர்களோ பாலை வழியே அலைந்தனர். அவர் மனைவி வழியிலேயே உயிர் நீத்தார். அடைக்கலம் தந்தவனே பிடித்துக் கொடுக்க, தில்லி வீதியிலே அழுக்கடைந்த யானைமேல் தாரா கொண்டுசெல்லப்பட்டதையும் பெர்னியர் கண்ணாற் கண்டார். சில நாட்களில் தாரா கொல்லப்பட்டார்.

"மாடு சாகாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டார் கணித மாணவர்.

அந்நூல் நமக்குக் கிடைத்திராது என்றோம்.

மேட்டிலிருந்து இறங்கி, விவேகானந்த சபையின் வழியாகச் சென்று, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலை அடைந்தபோது சாயரட்சைப் பூசைக்கு மணி ஒலித்தது. கற்றூண்களின் குளிர்ச்சியில் அமர்ந்திருக்கையிற் கடைசி வாங்கு மாணவர் எம்மருகே வந்தார். "சேர், நீங்கள் எண்பத்து மூண்டிலை எங்கை இருந்தனீங்கள்?"

வெள்ளவத்தையில்தான் இருந்தோம். 1983 ஜூலையில் எமக்கு ஐந்து வயது. கையிற் பெயர்ப் பட்டியலுடன் கும்பல் காலி வீதியில் வருகிறதென்று அறிந்ததும், அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் மதிலுக்கு மேலாகவே எம்மைத் தூக்கி வாங்கிக்கொண்டார். எமது தந்தையார் ஓர் எழுதுவினைஞர். எந்த அரியணையையும் அவர் விரும்பியவரல்லர். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அன்று மாலை வீடு எரிந்தது. பின்னர் ஒரு பாடசாலை மண்டபத்தில் பல நாட்கள். அதன்பின் சரக்குக் கப்பலிற் காங்கேசன்துறை. கப்பலின் இரும்புத் தளம் காலைச் சுட்டது எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதனை மாணவரிடம் அதுவரை நாம் சொன்னதில்லை. சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "வெளிக்கிடேக்கை என்ன எடுத்துக்கொண்டு போனனீங்கள்?" என்றார்.

எமக்குத் தெரியவில்லை. இரவு வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் அன்னையாரிடம் அதே வினாவைக் கேட்டோம். அவருக்கு இப்போது எண்பது வயதாகிறது. கேட்டது புரியாதவர்போல் எம்மைப் பார்த்தார்.

"ஒண்டும் எடுக்கேல்லை மோனை. சோறு உலையிலை கிடந்தது. அடுப்பை அணைச்சுப்போட்டு வந்தனான். ஆளில்லாத வீடு, நெருப்புப் பிடிச்சிடும் எண்டு."