சேவைக் கட்டணம்

வெளியே சாப்பிடுவதென்றால் என் சின்னையாவுக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை. எண்பது வயதைக் கடந்துவிட்ட அவர், சங்கானைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து நகருக்கு வருவதே அருமை. 2025 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், அவருடைய கண்ணை வைத்தியருக்குக் காட்டுவதற்காக யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வைத்தியசாலையில் வரிசையில் நின்று, மருந்தும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்பொழுது பகல் ஒரு மணியாகிவிட்டது. "வீட்டை போய்ச் சாப்பிடுவம்" என்றார். நான் விடவில்லை. தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் இறைத்து என்னைப் படிப்பித்தவர் அவர். நானோ ஆசிரியத் தொழில் பார்த்து, இப்பொழுது ஓய்வூதியம் பெறுபவன். அவரை ஒரு நல்ல இடத்தில் இருத்தி ஒரு வேளைச் சோறு வாங்கிக் கொடுக்கவேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கொண்ட ஒரு புதிய உணவகத்துக்குள் நுழைந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாடெங்கும் அதுபோன்றவை பெருகிவிட்டன. மெத்தை வைத்த கதிரையில் அமர்ந்ததும் சின்னையா செய்த முதல் வேலை, மேசையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்துப் பார்த்ததுதான். பின்னர் பக்கத்து மேசைகளிலிருந்த குவளைகளை ஒருமுறை நோட்டம் விட்டார். எல்லாம் ஒரே வகை. குவளையை மெல்ல வைத்துவிட்டார்.

அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். என் சிறுபராயத்தில் எங்கள் ஊர்த் தேநீர்க்கடைக்கு ஐயாவுடன் போனால், நாங்கள் உள்ளே செல்வதில்லை. வெளியே வேலியோரமாக நிற்போம். எங்களுக்கென்று தகரப் பேணி தனியாக இருந்தது. சில கடைகளில் பேணியும் இல்லை. பழைய சோடாப் போத்தல், அல்லது சிரட்டை. தேநீரை மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்தபின் நாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே வாங்கிலிருந்து குடித்தவர் கொடுத்த காசும் ஐயா கொடுத்த காசும் ஒன்றே. அந்தக் காசு மாத்திரம் தடையின்றி உள்ளே போயிற்று.

இது நாம் போன உணவகத்தின் கதைக்குப் புறம்பானதன்று. ஏனெனில், அன்று எனக்கு வந்த கோபத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

பரிமாறும் பையன் வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். இரண்டு மரக்கறிச் சாப்பாட்டுக்குச் சொன்னேன். தலையசைத்துவிட்டுப் போனவன் பத்து நிமிடமாகியும் வரவில்லை. குவளைகளில் தண்ணீர்கூட இல்லை. இருபது நிமிடம் சென்றது. அதற்கிடையில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்போலத் தோன்றிய ஒரு பெரிய குடும்பம் உள்ளே வந்தது. அவர்கள் இருந்த சிறிது நேரத்துக்குள்ளாகவே அந்த நீண்ட மேசைக்குச் சோறும் கறிகளும் வரத் தொடங்கின. எங்களுக்குப் பின் வந்தவர்கள் அவர்கள்! கையை உயர்த்தினேன். பையன் கண்டும் காணாதவன்போல ஓடினான்.

முப்பத்தைந்து நிமிடங்களின் பின் எங்கள் சாப்பாடு வந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. அப்பளம் இளகியிருந்தது. கேட்ட மோர்மிளகாய் வரவில்லை. அவசரத்தில் அவன் வைத்த கிண்ணம் சரிந்து, சொதி சின்னையாவின் வெள்ளைச் சட்டையில் ஊற்றுண்டது. நகருக்கு வருகிறோமென்று அவர் தோய்த்து மடித்து வைத்திருந்த சட்டை அது.

என்னுள்ளே ஏதோ அறுந்தது. எங்களுக்கு மாத்திரம் ஏன் இப்படி? எங்கள் உடுப்பைப் பார்த்தார்களா? ஊரை ஊகித்தார்களா? அறுபது ஆண்டுகளின் முன் வேலியோரத்தில் நின்ற சிறுவன் எனக்குள்ளிருந்து எழுந்து கேட்ட கேள்வி இது. இந்த ஐயம் நோயென்று சொல்வோர் உளர். வேலிக்கு வெளியே நின்று குடித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

முகாமையாளரை அழைத்தேன். வகுப்பறையில் முழங்கிப் பழகிய குரல். அந்த மண்டபம் முழுவதும் கேட்டிருக்கும். காத்திருந்த நேரம், ஆறிய சோறு, அழுக்கான சட்டை யாவற்றையும் ஒழுங்காகப் பட்டியலிட்டேன். அவர் என்னிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டார். பிறகு பையனை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஏசத் தொடங்கினார். "மாடு மாதிரி நிக்கிறாய்! இந்தச் சாப்பாட்டுக் காசு உன்ர சம்பளத்திலதான் கழியும், விளங்குதோ?" என்றார். என் பக்கம் திரும்பி, "சேர், நீங்கள் காசு தரவேண்டாம்" என்று புன்னகை செய்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய கையில் எச்சில் பாத்திரங்கள் இருந்தன. அவற்றைக் கீழே வைக்கவும் அவனுக்குத் துணிவு வரவில்லை.

வெற்றி பெற்றவனாக நான் சின்னையாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துக் கேட்டார்:

"மோனை, நீ சாப்பிட்டியோ?"

அவன் திடுக்கிட்டான். முகாமையாளரைப் பார்த்தான், பிறகு, "இன்னும் இல்லைங்க ஐயா" என்றான்.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. சின்னையா விசாரித்தார், அவன் தாழ்ந்த குரலில் விடை சொன்னான். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் முடியும். பரிமாற நான்கு பேர் இருந்த இடத்தில் இருவர் விலகிவிட்டனர். மற்றவனுக்கு அன்று காய்ச்சல். மண்டபத்தில் பதினொரு மேசை, அவன் ஒருவன். அந்தப் பெரிய குடும்பம் முதல்நாளே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்ததாம். எங்களைத் தாழ்த்தி அவர்களை உயர்த்தியது அவனல்லன். அவனுக்கு எங்கள் ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது.

"சாப்பாட்டுக் காசை நாங்கள் தருவம். பிள்ளையின்ர சம்பளத்தில கைவைக்காதையுங்கோ" என்று சின்னையா முகாமையாளரிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் நம்பவில்லை.

பற்றுச்சீட்டு வந்தது. இரண்டு சாப்பாடு 1800 ரூபா. அதன் கீழே, சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம், 180 ரூபா. எந்தச் சேவையைக் குறித்து இவ்வளவு நேரமும் சண்டையிட்டேனோ, அந்தச் சேவைக்கு விலை அச்சிடப்பட்டிருந்தது. பையனிடம் மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, இந்தக் காசு உங்களுக்குத் தருவினமோ?" அவன் விடை சொல்லவில்லை. காசு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான்.

வீடு திரும்பும் பஸ்ஸில் சின்னையா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தாமாகவே சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள அக்காலத்தைச் சிறிது நினைவுபடுத்தவேண்டும். பொது இடங்களில் சாதியைக் காட்டித் தடைசெய்வதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. ஆயினும் சட்டம் கொழும்பில் இருந்தது. பேணி எங்கள் ஊரில் இருந்தது. 1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் குண்டாந்தடிகளையும் தாங்கிக்கொண்டு அது நகரை அடைந்தது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் பிற இடங்களிலும் இளைஞர்கள் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து வாங்குகளில் அமர்ந்தனர். அடியும் உதையும் வழக்கும் மறியலும் வந்தன, உயிர்களும் பலியாயின. அவ்வாறு அமர்ந்த இளைஞர்களுள் சின்னையாவும் ஒருவர்.

"நாங்கள் ஆறு பேர் போய் இருந்தம்," என்றார் அவர். "தேத்தண்ணி கேட்டம். ஊத்திக் குடுக்கிற பொடியன் அசையேல்லை. விடிய இருந்து பின்னேரம் வரைக்கும் இருந்தம். எனக்குக் கோபம் தாங்கேல்லை. எழும்பிப்போய் அவன்ர சேட்டைப் பிடிச்சு ஏசினன். அவன் அழுதான். முதலாளி காசு மேசையில இருந்து பாத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. பிறகுதான் தெரியும், அந்தப் பொடியன் தாய் தேப்பன் இல்லாதவன். அந்தக் கடை வாங்கிலதான் படுக்கிறவன். எங்களுக்குத் தேத்தண்ணி குடுத்திருந்தால் அண்டைக்கு ராவு அவனுக்குப் படுக்க இடமில்லை."

சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சோறு ஆறித்தான் கிடந்தது, தம்பி. சொல்லத்தான் வேணும். ஆனால் ஆருக்குச் சொல்லுறது?"

இந்தக் கேள்வி எனக்கு அன்றைய பாடமாயிற்று. அன்று தேநீரை மறுத்ததும் இன்று சோற்றைத் தாமதித்ததும் ஒன்றென்று நான் கூற வரவில்லை. முன்னையது மனிதரை மனிதரல்லரென்று கூறிய கொடுமை. பின்னையது, நால்வர் வேலையை ஒருவன்மேல் ஏற்றி மூவரின் கூலியை மிச்சம் பிடிக்கும் வியாபாரம். ஆனால் இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கட்டளையிடுகிறவர் பின்னால் இருக்கிறார். நம் கோபத்தை ஏற்பதற்கென்று ஓர் ஏழைப் பையன் முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறான். நமது சுடுசொற்கள் அவனைத் தாண்டி அப்பால் போவதேயில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைநேரத்துக்கு எல்லை வகுத்தது. சாப்பாட்டு இடைவேளையும் வார விடுமுறையும் அதில் உண்டு. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவென நிர்ணயித்தது. 2025 ஏப்ரல் மாதத்தில் அது 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 900 ரூபா. நாங்கள் இருந்த மேசையில் ஒரு சாப்பாட்டின் விலை அதுவே. காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை பிறருக்குச் சோறு சுமப்பவன், சட்டம் அப்பொழுது சொன்ன அந்தக் கூலியை முழுமையாகப் பெற்றாலுங்கூட, ஒரு நாள் உழைப்பால் தான் சுமக்கும் ஒரு சாப்பாட்டைத்தான் வாங்கலாம். நான் ஆறிய சோறு கிடைத்ததற்காகக் குரலெழுப்பினேன். அவனுக்கு அந்நேரம்வரை சோறே கிடைக்கவில்லை என்பது என் பட்டியலில் இடம்பெறவில்லை.

இருவாரம் கழித்துச் சின்னையாவின் மருந்துக்காக மீண்டும் நகருக்குப் போனேன். அந்த உணவகத்துக்கும் சென்றேன். பையனைக் கண்டு இரண்டு சொல் பேசவேண்டும், அவனுடைய சம்பளத்தில் கழித்திருந்தால் அதைக் கொடுத்துவிடவேண்டுமென்பது என் எண்ணம். அவன் இல்லை. வேறொரு பையன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். இவன் இன்னும் இளையவன். முகாமையாளரிடம் விசாரித்தேன். "ஓ, அவனோ? அவன் நிண்டிட்டான் சேர்" என்றார். நின்றானா, நிறுத்தப்பட்டானா என்று கேட்டேன். அதற்கு அவரிடமிருந்து விடை வரவில்லை. இந்தச் சேவைக் கட்டணம் ஊழியருக்குப் பகிரப்படுகிறதா என்று அடுத்ததாகக் கேட்டேன். இம்முறை குரலை உயர்த்தவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டேன். அவருடைய புன்னகை மறைந்தது. "அது முதலாளியின்ர விசயம்" என்றார். முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி, அதே கேள்வியையும் அந்தப் பையனைப் பற்றிய கேள்வியையும் அதில் கேட்டு, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்வரை பதில் இல்லை.

அந்தப் பையன் இப்பொழுது எந்த நகரில், எந்த மேசைக்கு எச்சிற் பாத்திரம் எடுக்கிறானோ அறியேன். அவனுடைய வேலை என் வாயால் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போகவில்லையென்று சொல்லவும் என்னால் முடியாது. அந்தக் கணக்கு என்னுடன் இருக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களிடமும் மாணவர்களிடமும் நான் வேண்டுவது சிறிய காரியந்தான். உணவகத்தில் குறை கண்டால் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. ஆனால் சொல்வதற்குமுன் மண்டபத்தில் எத்தனை மேசை, எத்தனை கைகள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பற்றுச்சீட்டில் சேவைக் கட்டணம் இருந்தால், அது யாரைச் சேர்கிறதென்று காசு மேசையில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அவமதிப்பார்கள். பலர் கேட்டால் விடை சொல்லியாகவேண்டும். சங்கானைத் தேநீர்க்கடையின் பேணிகளும் ஒருவர் கேட்டுப் போனவையல்ல.

அதற்கெல்லாம் முன்பு, சோறு கொண்டுவரும் பையனிடம் என் சின்னையா கேட்டதை நீங்களும் கேளுங்கள்: "மோனை, நீ சாப்பிட்டியோ?"