மலை வராத வெள்ளிக்கிழமை

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வாத்தியார்" என்று சொல்லிக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து இருபத்திரண்டு பிள்ளைகள். 2012-இல் அரசு பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது ஓவிய ஆசிரியர்களும் வந்தார்கள். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தலைமை ஆசிரியை என் மனைவி வழியில் தூரத்து உறவு. "சும்மாதானே இருக்கிய, வாங்களேன் அத்தான்" என்றார். போனேன்.

முதல் நாள், "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றேன். இருபத்திரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் வரைந்தார்கள். மூன்று முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து கதிர்கள், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு காக்கை. நீங்களும் நானும் வரைந்த அதே படம்தான். திரிகூடம் என்றாலே மூன்று சிகரம் என்பார்கள், அதனால் முக்கோணம் மூன்று போட்டதை முழுத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சூரியன்?

"இது எந்த நேரத்துச் சூரியன்?" என்று கேட்டேன். "காலைல உதிக்குது தாத்தா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வகுப்பின் மேற்கு ஜன்னலைத் திறந்து காட்டினேன். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. நம் ஊரில் மலைக்குப் பின்னால் சூரியன் விழும். ஒருநாளும் அங்கிருந்து எழும்பாது. பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், தாளை எடுத்தவுடன் அதை மறந்துவிட்டு அச்சடித்த மலைக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு மலை பின்னால் வந்த சொந்தம். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வாரம் ஒரு நாள் ஓவிய வகுப்பு. நீர்வண்ணத்தை 'அக்வரெல்' என்பார்கள். அங்கே மலை ஏது? கடலையும் கடற்கரைச் சாலையையும்தான் வரைந்தோம். வெள்ளைச் சாயத்தைத் தொடக்கூடாது, வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கற்றது. பிறகு முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலையில் பிரஷ்ஷைத் தொடவில்லை. மேலகரத்தில் மாமனார் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடியும் எடுத்தேன்.

அந்த வெள்ளை விஷயம் அருவிக்கு அப்படியே பொருந்துகிறது. பிள்ளைகள் முதலில் நீல நிறத்தில் அருவி போட்டார்கள். பேரருவித் தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால், "வெள்ளை" என்று பதில் வருகிறது. கை மட்டும் நீலத்துக்குப் போகிறது. பெட்டிகளிலிருந்த வெள்ளை வில்லைகளை எல்லாம் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பாறையை மட்டும் வரையுங்கள், அருவியை வரையாதீர்கள் என்றேன். பழுப்பும் நீலமும் கலந்த கருஞ்சாம்பலை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். நடுவில் விட்ட தாள் தானாகவே அருவியாக விழுந்தது. ஒரு பையன் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணுமே செய்யலியே!" என்றான்.

தூரத்து மலைக்கு இன்னொரு வழி. பக்கத்துக் குன்று பச்சை, அதற்குப் பின்னால் உள்ளது நீலப்பச்சை, கடைசி மலை வெறும் நீலம், அதுவும் தண்ணீர் அதிகம் கலந்த நீலம். இடையில் உள்ள காற்றும் ஈரமும்தான் காரணம். ஆகவே தூரத்து மலையை முதலில் போட்டு, காயவிட்டு, அடுத்ததைக் கொஞ்சம் அடர்த்தியாகப் போட வேண்டும். காயவிடுவதுதான் பெரும்பாடு. சாரல் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தாள் எங்கே காய்கிறது? சாதாரண ஓவிய நோட்டுத் தாள் நனைந்தால் அப்பளம் போல் நெளியும். கெட்டித் தாள் வாங்கிக் கால்வாசியாக வெட்டி, பழைய பரீட்சை அட்டையில் நாலு பக்கமும் கிளிப் போட்டுக் கொடுத்தேன்.

இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே பயணம் செய்து, பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். அவர்களுடைய 144 காட்சிகள் கொண்ட தொகுப்பில் அது இருக்கிறது. அதன் நகலைக் காட்டினேன். பிள்ளைகள் மனிதர்கள் எத்தனை பேர் என்று எண்ணியதோடு சரி.

இனி, எழுத வேண்டும் என்று நினைத்த விஷயம்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல சாரல். ஈரத் தாளில் வண்ணத்தைப் பரவவிடும் முறையைச் சொல்லிக்கொடுத்து, ஜன்னலைப் பார்த்து வரையச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் பிள்ளை. தாளின் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வயல் பச்சை, மேலே முழுக்க வெளிறிய சாம்பல், அவ்வளவுதான். மற்றவர்கள் மலை போட்டு மேகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியில் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, நல்ல நீலத்தைத் தொட்டு, ஒரே இழுப்பில் மலைமுகட்டைப் போட்டுக் கொடுத்தேன். கீழே இருப்பவர் எழுதிய வரைவைத் திருத்தாமல் மேலே அனுப்பாத கை இது. அந்தப் பழக்கம் போகுமா?

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னைக்கு மலை வரலியே தாத்தா."

திரும்பிப் பார்த்தேன். நிஜம்தான். ஜன்னலில் மலை இல்லை. வயல் முடிந்த இடத்திலிருந்து வானம் வரை ஒரே சாம்பல். வகுப்பில் இருபத்தொரு பேரும், அவர்களுடைய வாத்தியாரும் இல்லாத மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்ததை வரைந்தவள் அவள் ஒருத்தி.

தாளை வீட்டுக்கு வாங்கி வந்தேன். நீர்வண்ணத்தில் போட்டதை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க முடியும், ஆனால் எல்லா நீலமும் விட்டுக்கொடுக்காது. அல்ட்ராமரீன் என்றால் பெரும்பாலும் வந்துவிடும். பிரஷ்யன் நீலம் தாளுக்குள் இறங்கிவிடும். நான் தொட்டது இரண்டாவது. இரவு பத்து மணி வரை ஒற்றினேன். "பேத்தி வயசுப் பிள்ளை படத்தை இப்பிடியா தேய்ப்பாங்க" என்று வீட்டில் கேட்டார்கள். தாள் பொசுபொசுவென்று நூல் விட்டதே தவிர, மலை போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளிடம் கொடுத்து, "நான் கெடுத்துட்டேம்மா" என்றேன். பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெளுத்த நீலக் கறையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தை மேலே வைத்துக் கிளிப்பை மாட்டினாள். ஜன்னல் பக்கம் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தண்ணி வேணும் தாத்தா" என்றாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.