தண்ணி காட்டிய பைப்!

ஒரு கோடி ரூபாய் கார் நடுரோட்டில் நின்றுபோனால் காரை யாரும் திட்டுவதில்லை, டிரைவரைத்தான் திட்டுவார்கள். அதுவே ஆறு லட்ச ரூபாய் கார் என்றால், "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்யா!" விலை ஏற ஏற, தப்பானது காரிலிருந்து இறங்கி டிரைவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் எம்.டி.யின் வண்டி ஒரு வெளிநாட்டு எஸ்.யு.வி. பெயர் வேண்டாம். யானை சைஸ். அதில் ஸீட்டுக்கே ஏ.சி. உண்டு. (எங்கள் செக்‌ஷனுக்கு இன்னும் ஃபேன்தான்.) ஆறு வயசு ஆகிவிட்டது. வாரண்டி எப்போதோ சிவலோகப் பதவி அடைந்துவிட்டது. ஒரு மே மாத மத்தியானம், வேலூரிலிருந்து திரும்பும்போது சுங்குவார்சத்திரம் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. டிரைவர் அண்ணன் அதே நிமிஷம் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். பானெட்டிலிருந்து ஆவி. எம்.டி. ஒரு ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் நடுவே உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்ந்தார். கோபத்தில் பாதி அந்த ஷேர் ஆட்டோவினால்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாம் நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து எஸ்டிமேட் வந்தது: 2,86,000 ரூபாய். கூடவே ஒரு குறிப்பு: 'கூலண்ட் இல்லாமல் ஓட்டப்பட்டிருக்கிறது. டிரைவரின் கவனக்குறைவு.'

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். சம்பளப் பட்டியல் என் மேஜையில் இருக்கிறது என்பதைத் தவிர, எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் கிடையாது.

"மாசம் அஞ்சாயிரம் பிடிச்சிடுங்க."

கால்குலேட்டரைத் தட்டினேன். 58 மாசம். அண்ணனுக்கு ரிடையராக இருப்பது 48 மாசம். ஆக, வேலையை விட்டுப் போன பிறகும் பத்து மாசம் அவர்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்! அவர் மகள் அப்போது ப்ளஸ் டூ.

அண்ணன் வந்து மேஜை ஓரமாக நின்றார். "சார், தண்ணி பாக்காம ஒரு நாளும் நான் வண்டிய எடுத்ததில்ல" என்று சொல்லி, நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டினார். தேதிவாரியாக கிலோ மீட்டர், டீசல், காற்று. கடைசி இரண்டு மாதத்தில் நாலு இடத்தில் 'கூலண்ட் குறைவு, அரை லிட்டர் ஊத்தினேன்' என்று எழுதியிருந்தது.

"கீழ ஒரு சொட்டு கெடையாது சார். ஆனா வண்டிய நிறுத்தினா பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாசனை வரும். சர்வீஸ்ல சொன்னேன். ஊத்திட்டு அனுப்பிட்டாங்க."

அதற்கும் காகிதம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய ஜாப் கார்டு: 'கூலண்ட் டாப்-அப் செய்யப்பட்டது. கசிவு இல்லை.'

சனிக்கிழமை இரண்டு பேரும் ஜி.பி. ரோடுக்குப் போனோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் வண்டியின் பெயரைச் சொல்லி, "கூலண்ட் பைப்..." என்று ஆரம்பிப்பதற்குள், அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்:

"பிளாஸ்டிக்கா, அலுமினியமா?"

எனக்குப் புரியவில்லை. "வண்டியில வர்றது பிளாஸ்டிக். அது அஞ்சாறு வருஷத்துல நொறுங்கிடும். அதனால அலுமினியத்துல செஞ்சு விக்கிறாங்க. கம்பெனிக்காரனே நம்பர் மாத்திப் புதுசா விட்டிருக்கான், பாருங்க."

காட்டினார். பழைய பைப்பின் பார்ட் நம்பரும் புதிய பைப்பின் பார்ட் நம்பரும் ஒன்றேதான், கடைசி எழுத்தைத் தவிர. ஒரு பாகத்தைத் திருத்தி அமைத்தால் இப்படி நம்பரை மாற்றுவது கார்க் கம்பெனிகளின் வழக்கமாம். அதாவது, குறை இருப்பது தயாரித்தவனுக்குத் தெரியும். ஜி.பி. ரோடுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எங்கள் எம்.டி.யும், பழி சுமந்த டிரைவரும் மட்டுமே.

சமாசாரம் இதுதான். இந்த மாதிரிப் பெரிய எஞ்சினில் சிலிண்டர்கள் 'V' எழுத்துப்போல இரண்டு வரிசையாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள், இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஓடுகிறது கூலண்ட் பைப். கண்ணாடி இழை கலந்த நைலான். எடை குறைவு, விலை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் சுற்றிலும் 100 டிகிரிச் சூடு. உள்ளே கொதிக்கக் கொதிக்க பாதித் தண்ணீர், பாதி கிளைக்கால். தினம் சூடாகி, தினம் ஆறி, சில வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. முதலில் மயிரிழை விரிசல். கசிவது எஞ்சினின் மேலேயே விழுந்து ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு விழாது. அண்ணன் மூக்கில் ஏறிய பாகு வாசனை, சூட்டில் காய்ந்த அந்த கிளைக்கால்தான். (வாசனை இனிப்பு, சரக்கு விஷம்.) ஒரு நாள் பைப் ஒரேயடியாக விட்டுவிடும்.

டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். பல நவீனக் கார்களில் அந்த முள், சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அசையாமல் நட்டநடுவே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பயப்படக் கூடாதாம். முள் நகர்ந்து விளக்கு எரியும்போது காரியம் கை மீறியிருக்கும். அதற்கப்புறமும் நாலைந்து கிலோ மீட்டர் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோய் எஞ்சினுக்கே சங்குதான். அண்ணன் உடனே நிறுத்தியதால்தான் எஞ்சின் பிழைத்தது. பரிசு கொடுக்க வேண்டிய ஆளுக்குத்தான் பிடித்தம்!

தெரிந்த குறை என்றால் ஏன் கூப்பிட்டு மாற்றித் தரவில்லை? அங்கேதான் சூட்சுமம். 'ரீகால்' என்றால் கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நம் நாட்டில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அது உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறைகளுக்கு. வெறுமனே வழியில் நிறுத்திப் பர்ஸைக் காலி பண்ணும் குறைகளுக்கு, 'சர்வீஸ் புல்லட்டின்' என்று வொர்க்‌ஷாப்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை போய்விடும். அது நம் வீட்டுக் கதவைத் தட்டாது.

திங்கட்கிழமை நோட்டும் ஜாப் கார்டுமாக சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கழற்றிய பழைய பைப்பைக் காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார்கள். விரலால் அழுத்தினால் தீபாவளி முறுக்குப்போல உடைந்தது. நம்பரின் கடைசி எழுத்து, பழைய எழுத்து.

"இப்ப நீங்க போடப்போற பைப்போட நம்பர் என்ன சார்?"

டை கட்டிய இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார். ஏ.சி. ரொம்ப நன்றாக வேலை செய்தது.

அன்று சாயந்திரமே எம்.டி.க்கு ஒரு பக்கத்தில் நோட் வைத்தேன். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், அது ஊழியரின் அலட்சியத்தால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும். 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்ன விஷயம். விளக்கமாக அந்த நோட்டின் ஜெராக்ஸ், ஜாப் கார்டு, இரண்டு பார்ட் நம்பர்கள். கூடவே முறுக்குத் துண்டு ஒன்று கவரில்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் பச்சை மையில் ஒரு வரி: 'பிடித்தம் வேண்டாம்.' வருத்தம் தெரிவித்ததாக ஒரு வார்த்தை? ஊஹூம். பச்சை மை விலை அதிகம் போலிருக்கிறது. சர்வீஸ் சென்டர்காரர்கள் 'நல்லெண்ண அடிப்படையில்' பைப்புக்குக் காசு வாங்கவில்லை. எஸ்டிமேட்டிலிருந்த கவனக்குறைவுக் குறிப்பும் பில்லில் காணாமல் போயிருந்தது. கூலியைக் கம்பெனி கட்டியது.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ இப்படி ஒரு யானை நின்றால் மூன்று காரியம் செய்யுங்கள். கூலண்ட் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அது மூடிய சுற்றில் ஓடும் சரக்கு. அடிக்கடி குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் நம்பரையும் புதியதன் நம்பரையும் ஒத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால், டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

ஆறு மாதம் கழித்து எம்.டி. அந்த வண்டியை விற்றார். வாங்க வந்தவரிடம், எங்கள் முன்னாலேயே, "எங்க டிரைவர் இதைக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டார் சார்! எல்லாத்துக்கும் நோட்டு இருக்கு" என்றார்.

அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"இதையும் தேதி போட்டு எழுதிக்கட்டுங்களா சார்?"