சட்டையை உயர்த்திப் பாருங்கள்!



மார்கழி மழை தொடங்கினால் எங்கள் மருதமுனையில் தடிமனும் இருமலும் வீட்டுக்கு வீடு நுழைந்துவிடும். அப்படியொரு மழை இரவில், இஷாவுக்குப் பின், ஒரு தாய் பத்து மாதக் குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"மௌலவி, புள்ளைக்குச் சளி. ஓதிப் பாருங்க" என்றார்.

ஓதி ஊதினேன். அத்தோடு நின்றிருக்கலாம். "தடிமன்தான் மகள், பயப்படாதீங்க" என்றும் சொன்னேன். அது என் பிழை.

அங்கே நின்ற பக்கத்து வீட்டுத் தாதிச் சகோதரி குழந்தையின் சட்டையை உயர்த்தினார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தது. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார், நிமிடத்துக்கு 64! உடனே கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நியூமோனியா என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது.

ஒன்றுபோல் தோன்றும் நோய்களைப் பிரித்தறிவது நம் முன்னோர் வளர்த்த கலை. சுமார் 925இல் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸி, பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தித் தனி நூலே எழுதினார். நாமும் கண்ணாலும் காதாலும் கொஞ்சம் பிரித்தறியலாம்.

மூக்கு ஒழுகினாலும் பிள்ளை விளையாடிப் பால் குடித்தால் பெரும்பாலும் தடிமன். ஒரு வாரம், பத்து நாளில் தானே மாறும், அன்டிபயோட்டிக் தேவையில்லை. மூச்சை விடும்போது விசில் போன்ற சத்தம் வந்தால் அது முட்டு. நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால் குரல்வளை வீக்கம். இவ்விரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூச்சு விரைந்தால் நியூமோனியாவோ என்று அஞ்ச வேண்டும். பிள்ளை அழாதிருக்கும்போது முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ கண்டால் தாமதிக்காதீர்கள். நெஞ்சு குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் சுபஹு வரை காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை படுக்கும் அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனும் கொடுக்கக் கூடாது.

ஓதுவதை விடச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஓதியும் பார்த்தார்கள். மருத்துவம் செய்யும்படியும் ஏவினார்கள். இப்போதெல்லாம் என்னிடம் வரும் தாயிடம் முதலில் சட்டையை உயர்த்தச் சொல்கிறேன். பிறகுதான் ஓதுகிறேன்.

அல்லாஹ் நம் குழந்தைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.