விலகலுக்கான காரணம்

மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில், எதற்காக விலகுகிறோம் என்று ஒரு வரி வரும். ஒரு தகப்பனாருக்காக அந்த வரியை நானே எழுதிக் கொடுத்தேன்: ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அவர் குடும்பத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. பையன் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் தேறவில்லை, அவன் பத்தாம் வகுப்புக்குப் போனால் பள்ளியின் 100 விழுக்காடு தேர்ச்சி கெட்டுவிடும், அவ்வளவுதான்.

“இங்க வச்சிருந்தா பையனுக்குத்தான் கஷ்டம். பக்கத்து ஊர்ல சேத்துடுங்க” என்றார் தலைமையாசிரியர். “நீங்க சொன்னா சரிங்க சார்” என்று தகப்பனார் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் ஆறவில்லை. பையன் வராந்தாவில் தூணோரமாக, தோளிலிருந்து பையை இறக்காமலே நின்றிருந்தான்.

அந்தத் தலைமையாசிரியர் சோம்பேறி இல்லை. காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார். ஓய்வு பெறுவதற்குள் நல்லாசிரியர் விருது வாங்கிவிட வேண்டும், அதற்குத் தொடர்ந்து 100 காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. மேலிருந்து வரும் நெருக்கடியும் பொய்யில்லை. மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திவிட்டாலும், மீளாய்வுக் கூட்டத்தில் ஒரு பள்ளியைப் பற்றிய பேச்சு விழுக்காட்டில்தான் தொடங்கும். குறைந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் தன் பயத்தையும் தன் ஆசையையும் ஒரு பதினாலு வயசுப் பையன் தலையில் இறக்கிவைத்தாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த வரியை எழுதிய கை என்னுடையது.

கெடுதல் அந்தப் பையனோடு நிற்கவில்லை. ஆறாம் வகுப்பு டீச்சர் ஒருவர் மாதக் கூட்டத்தில், “நாலு பேருக்கு வாசிக்கவே வரல சார்” என்றார். “அப்ப இவ்வளவு நாள் நீங்க என்ன பண்ணீங்க?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார் தலைமையாசிரியர். அடுத்த மாதம் டீச்சர் வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை. வளரறி மதிப்பீட்டில் எல்லாருக்கும் 40-க்கு 38, 39 விழ ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காதது நல்ல ஏற்பாடு என்றே இன்றும் நம்புகிறேன். யாருக்கு எது வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற பள்ளியில்தான் அது பலிக்கும். மற்ற இடங்களில் உண்மை ஒன்பதாம் வகுப்பில் வெளியே வரும், வடிகட்டலும் அங்கேயே தொடங்கும்.

இத்தனைக்கும் அந்தப் பையனைத் தேற்றியிருக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேற 35 போதும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் தொடுகோடு வரைவதைத்தான் கையில் பழக்குவேன். பெருக்கலில் தடுமாறுகிற பிள்ளைகூட காம்பஸ் முனையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு பிசகாமல் வட்டத்தை முடித்துவிடும். முடித்ததும் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்துவிட்டால் போதும், அணிகளின் கூட்டல் கழித்தல், ஒரு மதிப்பெண் வினாக்கள் என்று மெல்ல நகர்த்தலாம். ஆறேழு மாதம் பிடிக்கும். அந்த ஆறேழு மாதத்தைத்தான் அவனுக்குக் கொடுக்காமல் அனுப்பினோம்.

இப்போது நானே தலைமையாசிரியர். மாதக் கூட்டத்தில் யாருக்கு எது வரவில்லை என்று பெயர் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவோம். முதல் பெயர் நான் பாடம் எடுக்கும் வகுப்பிலிருந்து வரும். அதன் பிறகும் மற்றவர்கள் பேச ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு போன வாரம் வகுப்பாசிரியை வந்தார். இரண்டு பெயர்களின் மேல் விரலை வைத்து, “சார், இவங்க ரெண்டு பேரும்...” என்று இழுத்தார்.

“ரெண்டு பேர்கிட்டயும் ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கா டீச்சர்?” என்று கேட்டேன்.

ஒருவனிடம் காம்பஸ் இல்லையாம்.